சட்டை அளவில் ஓர் ஓட்டை

புதிதாகக் கேலிச்சித்திரம் வரைய வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் பேனாவை எப்படிப் பிடிப்பது, மூக்கை எப்படி வளைப்பது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் கண்ணாடித் திரையில் விரலைத் தேய்த்து ஒரு படம் முடிக்கிற நேரத்தில் நான் மைப்போத்தலின் மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது வேறொன்று. எந்தப் படத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்பது கொஞ்சம் தெரியும். அதைப் பற்றித்தான் இது.

திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக ஓர் ஒடுங்கிய மாடியில் எங்கள் வாரப் பத்திரிகை இயங்கியது. கப்பல் சங்கு ஊதினால் மேசையில் இருக்கிற தேநீர்க் கோப்பை நடுங்கும். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆசிரியர் என் வேலையைப் பிரித்துத் தந்துவிட்டார்.

“அரசியலுக்கு ஆள் இருக்கு பிள்ளை. நீர் உடுப்பைக் கீறும்.”

பொம்பிளைப் பிள்ளை என்றதால் உடுப்பு வரைகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்கு நல்ல எரிச்சல். பிறகுதான் விளங்கியது, எது உண்மையில் ஆபத்தான வேலை என்று. அரசியல்வாதியைக் கேலி செய்தால் அவர் ஒருநாள் கத்திவிட்டு மறந்துபோவார். ஒருத்தியின் சாரித் தலைப்பைக் கேலி செய்தால் அவளுடைய பேரப்பிள்ளை வரைக்கும் உங்களோடு கதைக்காது.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். வெளியூர்க்காரர் இறங்கி நின்று படம் எடுப்பார்கள், நாங்கள் ஹோர்ன் அடிப்போம். ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், புடவைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு புள்ளிமான் அசையாமல் நின்று உள்ளே இருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொம்மைக்குப் புது மொடல் உடுப்புப் போட்டிருந்தார்கள். நான் அதை அப்படியே கீறினேன். மான் சொல்கிறது: “நான் பிறந்ததில இருந்து இந்தப் புள்ளிச் சட்டைதான். ஒருத்தரும் பழசு எண்டு சொன்னதில்லை.” அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மான் வாராவாரம் வந்தது. ஊதின கைச் சட்டை, ஒட்டின கைச் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கலியாண வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டுகிற சாரி, எல்லாவற்றையும் அது பார்த்தது. என்னைத் தெரியாதவர்களுக்கும் மானைத் தெரிந்தது. சந்தையில் என்னைக் கண்டால் “மான் அக்கா போறா” என்பார்கள். இப்போது நினைத்தாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படத்தைக் கொண்டுபோய் வைத்தால், முதலில் உள்ளங்கையால் கீழே இருக்கிற வாசகத்தை மறைத்துவிடுவார். படத்தை மட்டும் பார்ப்பார். பிறகு கேட்பார்:

“இது வந்தால் எந்த வீட்டில பேப்பரை ஒளிச்சு வைப்பினம்?”

வெட்கப்பட்டு ஒளிக்கப் போவது யார் என்று நான் பதில் சொல்ல வேண்டும். பெரிய கடைக்காரர் வீட்டில் என்றால் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இல்லாதப்பட்டவர் வீட்டில் என்றால் படம் எனக்கே திரும்பி வரும். ஏன் என்று விளக்கமாட்டார். நானும் கனநாள் அதை வயதுபோனவரின் ஒரு பயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை ஊதின கைச் சட்டை பெரிய அலையாக வந்தது. தோப்பூர் பஸ்ஸில் ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய இரண்டு கைகளுக்கும் தனித்தனி இருக்கை, சனம் எல்லாம் நிற்கிறது என்று கீறினேன். தையல்காரர் ரஹீம் நானா கோபித்துக்கொள்வார் என்று நினைத்து அவருடைய கடை வாசலைத் தவிர்த்து நடந்தேன். அவர் கூப்பிட்டு உள்ளே காட்டினார். கண்ணாடியிலேயே படத்தை ஒட்டி வைத்திருந்தார்.

“சட்ட தைக்க வாற எல்லாருக்கும் முதல்ல இதத்தான் காட்டுறன் மகள். நல்லாச் சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டு அதையேதான் தைக்கச் சொல்றாங்க.”

நம்முடைய தொழிலின் பலம் எவ்வளவு என்று இதற்கு மேல் ஒருவர் சொல்லித் தர ஏலாது. படம் கீறி உலகத்தைத் திருத்தப் போகிறேன் என்று வருகிறவர்கள் ஒருதரம் ரஹீம் நானாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரேயொரு தடவை, ஒரு படம் செய்ய வேண்டியதைச் செய்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

சண்டை ஓய்ந்து நிலாவெளிப் பக்கம் புதிய ஹோட்டல்கள் எழும்பிய காலம். அதில் ஒன்று கடற்கரையிலேயே ஓர் உடை அலங்காரக் காட்சி வைத்தது. கொழும்பிலிருந்து ஓர் இளம் டிசைனர் வந்திருந்தாள். மணலில் மேடை, வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள், கொழும்பு விருந்தாளிகள். பத்திரிகைக்காரர் என்று எங்களுக்குப் பின்வரிசை. சூரியன் இறங்கும் நேரத்தில் காட்சி தொடங்கியது. ஹோட்டல் வேலிக்கு வெளியே பக்கத்துச் சல்லி ஊர்ச் சனமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

கடலும் கரையும்தான் காட்சியின் கருப்பொருளாம். ஒரு பெண் சிப்பி கோத்த பாவாடையோடு நடந்தாள். நடக்க நடக்கச் சிப்பி கொட்டியது, பின்னால் ஒருவர் பொறுக்கிக்கொண்டு வந்தார். இன்னொருத்தியின் தலையில் காய்ந்த தாழை. நான் மடியில் கடதாசியை வைத்துக்கொண்டு ஆசை தீரக் கீறினேன். என் மானுக்கு அன்றைக்கு விருந்து. கடைசியாக வந்த பிள்ளை வெள்ளைச் சட்டைக்கு மேல் மீன்வலையால் தைத்த இன்னொரு சட்டை போட்டிருந்தாள். கழுத்தில் வலை மிதப்புகளால் மாலை. எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து ஒரு மனுசன் உள்ளே வந்தார். சறத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். மேடையில் ஏறி, அந்தப் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், சட்டையின் கீழ் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“இது என்ர வலை,” என்றார்.

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். காவலாளிகள் வந்து தோளில் பிடித்து இழுத்தபோதும் அவருடைய விரல் வலையை விடவில்லை. பிள்ளை பயந்து கத்தினாள், விளிம்பு கிழிந்தது. பிறகுதான் கை தட்டல் நின்றது. அவரை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

அவர் பெயர் கதிர்காமத்தம்பி. சல்லியில் மீன்பிடிக்கிறவர். அடுத்த நாள் விடியும்போது அந்தக் காட்சி ஊரிலுள்ள கைபேசி எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத வீடியோத் துண்டு. ஒரு மனுசன் மேடையில் ஏறி ஒரு பெண்ணின் உடுப்பைப் பிடித்து இழுக்கிறான், அவள் கத்துகிறாள். மேலே எழுதியிருந்தது, குடிவெறியில் கிழவன் செய்த வேலை என்று. அவர் வாயில் ஒருநாளும் சாராயம் பட்டதில்லை என்பது சல்லிக்குத் தெரியும், கைபேசிக்குத் தெரியாது.

நான் அலுவலகத்துக்குப் போனபோது ஹோட்டலில் இருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. எங்கள் கடைசிப் பக்க விளம்பரம் அவர்களுடையது. காட்சியைப் பற்றி நல்லபடியாகப் போடுங்கள், அந்தச் சின்னக் குழப்பத்தை விட்டுவிடுங்கள் என்பது அவர்களுடைய பேச்சு. ஆசிரியர் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளி இருக்கச் சொன்னார்.

“நான் போனோட கதைக்கிறன். நீர் படத்தோட கதையும்.”

என்னிடம் படம் ஏற்கெனவே இருந்தது. வீட்டிலிருந்தே கீறிக்கொண்டு வந்திருந்தேன். மேடையில் வலைச்சட்டைக்காரி, அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு மீனவர், கீழே சனம் கை தட்டுகிறது. வாசகம்: “இது என்ர வலை!” ஓரத்தில் மான் வாயைப் பிளந்து நிற்கிறது. நான் கீறியதிலேயே ஆகச் சிரிப்பான படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். உள்ளே நுழைந்த எல்லாரும் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உண்மையையும் சொல்கிறது, சிரிப்பும் வருகிறது, வேறென்ன வேண்டும்?

ஆசிரியர் உள்ளங்கையை வாசகத்தின் மேல் வைத்தார்.

நான் பார்த்தேன். வாசகம் போனதும் மிஞ்சி நின்றது ஒரு மனுசனுடைய கை, ஒரு பிள்ளையின் உடுப்பு. கைபேசியில் ஓடிய அதே காட்சிதான். நான் அதைச் செலவில்லாமல் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டியிருக்கிறேன். ஆசிரியர் தன் கேள்வியைக் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

“சல்லியில ஒளிச்சு வைப்பினம், சேர்.”

“அங்க மட்டுமோ?”

வலைச்சட்டை போட்டு நடந்த பிள்ளையை நான் மறந்தே போயிருந்தேன். அவள் லிங்கநகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அன்றைக்குப் பின்னேரம் அவளிடம் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அந்த ஐயா என்னைத் தொடவே இல்லை அன்ரி. வலையைத்தான் பிடிச்சவர். ஆனா நான் வாயைத் திறந்தால், நான் ஏன் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடையில ஏறினனான் எண்டுதான் ஊர் கதைக்கும். என்னால ஏலாது.”

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடுப்பைக் கேலி செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். உடுப்பைக் கீறுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உள்ளே எப்போதும் ஓர் ஆள் இருக்கிறது. சின்ன ஊரில் அந்த ஆளுக்குப் பெயரும் முகவரியும் உண்டு.

அங்கிருந்து பஸ் பிடித்துச் சல்லிக்குப் போனேன். கதிர்காமத்தம்பி தன் வாடிக்கு முன்னால் மணலில் குந்தியிருந்தார். வாடி என்பது வலையும் துடுப்பும் வைக்கிற ஓலைக் கொட்டில். பக்கத்தில் வலை ஒரு குவியலாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, இருக்க ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலையை அப்படியே மணலில் போட்டுவிட்டுப் போவார்கள். காவல் இல்லை, பூட்டு இல்லை. இன்னொருத்தனுடைய வலையை ஒருத்தரும் தொடமாட்டார்கள், குழந்தைகூட மிதித்துப் போகாமல் சுற்றித்தான் போகும். சண்டைக் காலத்திலும் அது மாறவில்லை. ஹோட்டலுக்கு வந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? மணலில் ஆளில்லாமல் கிடந்ததை எறிந்த வலை என்று நினைத்து, அந்த இடத்திலேயே வைத்துக் கத்தரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“வெட்டு நேரா இருந்தது தங்கச்சி. மீன் கடிச்சால் அப்பிடி இராது. ஆரோ எனக்குச் செய்த வேலை எண்டுதான் நினைச்சனான். பக்கத்து வாடிக்காரனோட முகம் குடுத்துக் கதைக்கவும் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அங்க போனனான். அந்தப் பிள்ளை நடந்து வரேக்க பச்சை நூல் தெரிஞ்சுது. பொத்தலைப் பச்சை நூலால அடைக்கிறது நான்தான்.”

“வீடியோ பார்த்தனீங்களா?”

“மகள் பார்த்தவள். அவளுக்குக் குச்சவெளியில ஒரு சம்பந்தம் பேசி முடிஞ்சிருந்தது. இண்டைக்குக் காலமை ஆள் அனுப்பியிருக்கினம், கொஞ்சம் பொறுத்து யோசிப்பமாம். வலை போனால் திரும்பப் பின்னலாம். இதை நான் எந்த நூலால பின்னுறது?”

சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால், வலையைக் கொஞ்சம் விரித்துக் காட்டுவீர்களா என்று கேட்டேன். இரண்டு கம்புகளுக்கு நடுவில் அதைத் தூக்கிக் கட்டினார். நான் மறு நுனியைப் பிடித்து இழுத்தேன். வலை விரிந்தது.

நடுவில் ஒரு சட்டை தொங்கியது.

சட்டை இல்லை, சட்டை இருந்த இடம். கழுத்து, இரண்டு கை, ஒடுங்கிய இடுப்பு, கீழே அகன்ற விளிம்பு, எல்லாம் அளவாக வெட்டின ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. அந்த ஓட்டைகளுக்கூடாகக் கடல் தெரிந்தது. குவியலாகவே கிடந்ததால் அதுவரைக்கும் அவரும் அதைக் கண்டிருக்கவில்லை.

முதலில் சிரித்தது அவர்தான். மெதுவாகத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

“இனி மீன் எல்லாம் உடுப்புப் போட்டுப் பார்த்துத்தான் தங்கச்சி போகும்!”

எனக்குப் படம் கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியம், சிரிக்க அனுமதி கிடைத்துவிட்டது. அடிபட்டவன் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறானோ அந்தப் பக்கம் நீங்களும் சிரியுங்கள், ஒருநாளும் பிழை வராது. அன்றைக்குத்தான் ஆசிரியரின் கேள்வி பயத்தில் கேட்ட கேள்வி இல்லை என்று எனக்கு உறைத்தது.

படம் இதுதான். கடலுக்கடியில் விரிந்த வலை. நடுவில் சட்டை அளவில் ஓர் ஓட்டை. அதனூடாகச் சூரை, பாரை, விளைமீன் எல்லாம் வரிசையாக, ஒரு செட்டையை இடுப்பில் வைத்து, வாலை ஒயிலாக வளைத்து நடந்து வெளியேறுகின்றன. இந்தப் பக்கம் வெறும் வள்ளத்தில் கையில் ஊசியோடு ஒருவர், முதுகு மட்டும் தெரிகிறது. கரையில் கதிரை போட்டு இருக்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். மேடை இல்லை, பெண் இல்லை, பிடிக்கிற கை இல்லை. மான் தண்ணீருக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் வழக்கம்போல உள்ளங்கையைக் கொண்டுவந்தார். கை படத்தின் மேல் நின்று, இறங்க இடம் தேடியது. மறைக்க வாசகம் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தை எடுத்து, ஹோட்டல் விளம்பரம் வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெட்டி கீறினார்.

“இதுக்கு இதுதான் இடம்.”

“விளம்பரம் சேர்?”

“அவை இனித் தரமாட்டினம். இடம் சும்மாதானே கிடக்கப் போகுது.”

நடந்ததை உள்பக்கத்தில் செய்தியாகவும் போட்டோம். அதை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியாது. படத்தை ஊர் முழுக்கப் பார்த்தது. அதைக் கைபேசியில் படம் பிடித்து, அந்த வீடியோ போன வழியிலேயே அனுப்பினார்கள். சட்டை வடிவில் ஓட்டையா, சும்மா கதை என்று சொன்னவர்கள் பார்க்கச் சல்லிக்கு வந்தார்கள். கதிர்காமத்தம்பி வருகிறவர்களுக்கெல்லாம் சலிக்காமல் வலையைத் தூக்கிக் கட்டிக் காட்டினார். ஓட்டையைக் கண்ணால் கண்ட பிறகு குடிவெறி என்று கதைக்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் அந்த டிசைனரும் வந்தாள். கையில் ஒரு பை.

“அது எறிஞ்ச வலை எண்டுதான் அங்கிள் எனக்குச் சொன்னவங்க. நானும் கேக்கேல்ல.”

“கரையில கிடக்கிறது எல்லாம் எறிஞ்சது இல்லை மகள்.”

அவள் அழுதுவிட்டாள். அந்த டிசைனர் பிள்ளையின் மேல் ஒரு மதிப்பை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அழுதுவிட்டுச் சும்மா போகவில்லை. அந்த வலைக்குப் பக்கத்தில் நின்று, பிழை தன்னுடையது, இவர் தன் வலையை மட்டுமே பிடித்தார் என்று கைபேசியில் தன் முகத்தைக் காட்டிச் சொன்னாள். மேடையில் நடந்த பிள்ளையின் பெயரை எடுக்கவில்லை. பைக்குள் இருந்த வலைச்சட்டையை அவரிடமே கொடுத்தாள். அவர் தையலைப் பிரித்து, முன்பக்கத்தை முன் ஓட்டையிலும் பின்பக்கத்தைப் பின் ஓட்டையிலும் வைத்துப் பச்சை நூலால் பின்னிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வலை காயும்போதெல்லாம் இரண்டு சட்டைகள் பச்சைக் கோட்டில் தெரியும். ஹோட்டல்காரர் எங்களோடு அதன்பிறகு கதைத்ததே இல்லை. அது வேறு விஷயம்.

குச்சவெளிச் சம்பந்தம் நின்றுபோகவில்லை. கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனால் பொம்பிளை வீட்டார் எல்லாரும் ஒரே பச்சை நிறச் சாரியில் நிற்கிறார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி மற்றவளின் விலாவில் இடித்து, “மான் வந்திட்டுது” என்றாள். அன்றைக்கு நான் ஒன்றும் கீறவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

புறப்படும்போது பொம்பிளை, கதிர்காமத்தம்பியின் மகள் தர்சினி, கூறைச்சேலையோடு என் கையைப் பிடித்தாள்.

“அன்ரி, அந்தப் பேப்பரை நாங்கள் வீட்டில ஒளிச்சு வைச்சிருக்கிறம்.”

எத்தனை வருடமாக நான் பயந்த சொல் அது. ஒளித்து வைத்தார்களா? அப்படியென்றால் நான் எங்கே பிழை விட்டேன்?

“ஏன் பிள்ளை?”

“சுவரில ஒட்டினால் வாறவை போறவை எல்லாம் கழட்டிக்கொண்டு போகினம் அன்ரி. மூண்டு நாலு தரம் புதுசா வாங்கி ஒட்டினனாங்கள். கடைசியாக் கிடைச்சதை அப்பா அலுமாரியில, அம்மாவின்ர கூறைச்சேலைக்குக் கீழ ஒளிச்சு வைச்சிட்டார். என்னைக்கூடத் தொட விடுறேல்லை.”

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் இப்போது இல்லை. இருந்த காலம் முழுக்க என் எதிரே அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. அன்றைக்கும் காணவில்லை. எத்தனையோ வாசகங்களை மறைத்த அந்த உள்ளங்கையைத் தூக்கித் தன் வாயின் மேல் வைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.